கட்டிப் போட்ட லீவர்

எங்கள் மோட்டார் சைக்கிளுக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று விருதுநகர் மெக்கானிக் சொன்னபோது என் வீட்டுக்காரர் தலையாட்டினார், நான் ஆட்டவில்லை. ஆளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்கிறவர்களை மிஷன் ஆஸ்பத்திரியில் நிறையப் பார்த்த நர்ஸ் நான். அந்த மெக்கானிக் கிக்கரை ஒரே ஒரு தரம் மிதித்தார். "கம்ப்ரெஷன் சுத்தமா இல்ல சார். ரிங் தேஞ்சு போச்சு. இனிமே செலவு பண்ணாதீக" என்றார். விசாரணை முடிந்தது.

யுத்தத்தில் ஓடி, ஏலத்துக்கு வந்து, பல கை மாறி எங்களிடம் சேர்ந்த சீமை வண்டி அது. அறுபதுகளின் தொடக்கம். வீட்டுக்காரர் சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். புதன்கிழமைதோறும் என்னை வெம்பக்கோட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இறக்கிவிட்டு அவர் வேலைக்குப் போவார். அங்கே பள்ளிக்கூடத்து வராந்தாவில்தான் என் கிளினிக். வாயும் வயிறுமான பெண்கள் காட்டுவேலைக்குப் போகுமுன் வந்து காட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஊருக்கு பஸ் கிடையாது. வண்டி இல்லையென்றால் கிளினிக்கை மூடிவிடலாம் என்று பெரிய டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டுக்காரரோ திருத்தங்கலில் ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் வண்டியை எடுக்க ஆள் வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நல்ல சேலையை மாற்றிவிட்டு வண்டி முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு இஞ்சின் புதிதல்ல. காரியாபட்டியில் என் அப்பா தோட்டத்துக் கிணற்றுக்கு ஆயில் இஞ்சின் வைத்திருந்தார். ஆண்பிள்ளை இல்லாத வீடு. கைப்பிடி போட்டு அதைச் சுற்றிவிடுவது என் வேலை. உள்ளே காற்று அமுங்கி நின்றால் கைக்குத் தெரியும். எங்காவது ஒழுகினாலும் தெரியும்.

"ஹெட் ஜாயிண்ட்தான் ஒழுகுது, பாருங்க" என்று அடித்துச் சொன்னேன். இஞ்சின் தலை உட்காருகிற பொருத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி, அவரை மிதிக்கச் சொன்னேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஸ்டெதாஸ்கோப்ப எடுத்துட்டு வரட்டுமா?" என்று சிரித்தார்.

"நீங்க மிதிச்சா போதும்."

அடுத்து பிளக்கைக் கழற்றி, ஒரு கரண்டி ஆயிலை உள்ளே விட்டு, மறுபடி மாட்டினேன். பிஸ்டனைச் சுற்றிய ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைக்கும்; கிக்கர் கொஞ்சமாவது கனக்க வேண்டும். கனக்கவில்லை. முன்போலவே தொளதொளவென்று கீழே போனது. "ரிங் நல்லாத்தான் இருக்கு. ஒங்க விருதுநகர்க்காரருகிட்டச் சொல்லுங்க" என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகு மண்டியிட்டு சைலன்ஸர் வாயில் காதை வைத்தேன். அவர் மிதித்ததும் புஸ்ஸென்று காற்று கன்னத்தில் அடித்தது. அமுங்க வேண்டிய காற்று புகை போகிற வழியாகத் தப்பிக்கிறது. அந்த வழியை அடைக்கும் வால்வு சரியாக மூடவில்லை. வால்வு கருகியிருந்தால் வண்டி திருத்தங்கலுக்குப் போக வேண்டியதுதான். வேறு ஏதாவது அதைத் தூக்கிப் பிடித்திருந்தால் எங்களோடு இருக்கும்.

அந்த வால்வைத் தூக்குவதற்கென்றே ஹேண்டில்பாரில் ஒரு சின்ன லீவர் உண்டு. சாவி இல்லாத வண்டி அது. லீவரை அழுத்தினால் வால்வு திறந்து இஞ்சின் அணையும். லீவரில் ஒரு சணல் கயிறு தொங்கியது. பட்டாசு கம்பெனிக்குள் வண்டியை ஓட்டிப் போகக் கூடாது, கேட்டில் அணைத்துத் தள்ளித்தான் போக வேண்டும். இவர்கள் கம்பெனியில் அதற்கு மேலும் ஒரு வழக்கம்: தள்ளும்போது இஞ்சின் தவறிக்கூடப் பிடித்துக்கொள்ளாதபடி லீவரை அழுத்திக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். வாட்ச்மேன் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

லீவரிலிருந்து இறங்கும் கேபிளைத் தொட்டேன். கயிறு அவிழ்ந்துதான் இருந்தது. ஆனாலும் கேபிள் விறைப்பாக நின்றது. லீவரை விட்ட பிறகும் அது வால்வை விடவில்லை. கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் அதன் நுனியில் இருந்த திருகு கடைசி வரை முறுக்கியிருந்தது.

"இந்தத் திருக யாரு இம்புட்டு இறுக்குனது?"

அவர் தொங்கிய சணல் கயிற்றை எடுத்து விரலில் சுற்றினார்.

"நீங்களா? ஒரு வாட்ச்மேனுக்குப் பயந்துக்கிட்டு வண்டியவே கொன்னுருவீகளோ?" எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"வாட்ச்மேனுக்காக இல்ல" என்றார். "போன மாசம் பக்கத்துக் கம்பெனியில வெடிச்சு ஒரு ஆள ஒங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தாகல்ல. அவன் எப்படிக் கெடந்தான்னு நீதான வந்து சொன்ன. மறுநாள் கேட்டுல வண்டி ஒடனே அணையல. சைலன்ஸர்ல பொறி பறந்துச்சு. அங்கனயே நின்னு இறுக்கிட்டேன். அதுக்கப்புறமும் பயத்துல அப்பப்ப இன்னுங் கொஞ்சம் இறுக்கிக்கிட்டே இருந்தேன்."

வார்டில் பார்த்ததை இவரிடம் கொட்டிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இவர் அதைச் சுமந்துகொண்டே தினமும் வெடிமருந்து அறைகளுக்கு நடுவே நடந்திருக்கிறார்.

திருகைத் தளர்த்தினேன். அவர் மிதித்தார். கால் பாதியிலேயே நின்றது; உடம்பின் பாரத்தை வைத்து அழுத்தினால்தான் இறங்கியது. இன்னும் கொஞ்சம் மிதித்ததும், நான் விட்ட ஆயிலெல்லாம் புகையாக வெளியேறி, வண்டி பிடித்துக்கொண்டது.

"சரி, நாளைக்குக் கேட்டுல என்ன செய்ய?" என்றார். குரலில் பயம் போகவில்லை.

"கேட்டுக்கு ரொம்ப முன்னாலயே, ரோட்டு வேம்புகிட்ட அணச்சிருங்க. பிளக்கக் கழட்டி வாட்ச்மேன் கையில குடுத்துருங்க. பிளக் இல்லாத வண்டி எப்படிப் பிடிக்கும்?"

திங்கட்கிழமை வண்டியை எடுக்க வந்த ஆளுக்குக் காபி கொடுத்து நானே அனுப்பி வைத்தேன். புதன்கிழமை வராந்தாவில் பெண்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். வாட்ச்மேனுக்கும் புது ஏற்பாடு பிடித்துப் போனது; பிளக்கைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாராம். வேலை முடிந்து அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு வருவதால் வீட்டுக்காரரின் விரலெல்லாம் கரியாக இருக்கும். சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போய்விடுவேன். அந்தக் கரி விரல்களைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன்.