ஹெட்மாஸ்டர் போனுக்கு வரும் எண்

மல்லேஸ்வரத்தில் எங்கள் பயிற்சிக்கூடம். ஏசி உண்டு, வைஃபை உண்டு, மணக்க மணக்கக் காபி உண்டு. கிராமத்துப் பள்ளி நூலகர்கள் வந்து உட்கார்ந்து, டேப்லெட்டில் இதயம் துடிப்பதையும் கோள்கள் சுற்றுவதையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். ஊருக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். நான் கன்னடத்தில் சொல்லிக்கொடுப்பேன். சம்பளத்துக்கு வானம் காட்டுகிறவன்.

கோலார் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா மட்டும் என்னோடு தமிழில் பேசுவார். முதல் நாளே கேட்டுவிட்டார்.

"சார், டேப்பைத் திறக்க ஓடிபி யாரு போனுக்கு வரும்?"

"ஸ்கூலுக்கு ஒரே நம்பர்தாம்மா. ஹெட்மாஸ்டருக்கு."

"அப்ப நானும் பசங்களும் அவரு வாயைப் பாத்துட்டு நிக்கணுமா? என் நம்பரைப் போடுங்க சார். பிள்ளைங்க யூஸ் பண்ணலன்னா லைப்ரரி ரூமை சத்துணவு அரிசி மூட்டைக்குக் குடுத்துடுவேன்றாரு."

என் மேலதிகாரியிடம் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். "செக்யூரிட்டி விஷயம், குரு. லைப்ரரியனை நம்பி எப்படிக் குடுக்கறது?" என்றார். சூரியனையும் சந்திரனையும் அந்த அம்மாவிடம் ஒப்படைக்கலாம். ஓடிபியை மட்டும் கூடாது.

மழைக்காலம் முழுக்க அவரிடமிருந்து போன். ஹெட்மாஸ்டர் மீட்டிங்கில். ஹெட்மாஸ்டர் வண்டி ஓட்டுகிறார். எண் வருவதற்குள் பீரியட் முடிந்துவிட்டது. பிறகு ஒரு நாள், "மூட்டை வந்து எறங்கிடுச்சு சார். புக்கெல்லாம் வராண்டாவுல. எலிங்களுக்கு யோகம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என் காதைவிட்டு இன்னும் இறங்கவில்லை.

அடுத்த ஆபீஸ் கூட்டத்தில், எந்தப் பள்ளி டேப்பை எவ்வளவு திறந்தது என்று காட்டும் பெரிய திரையில் அவர் பள்ளி சிவப்பாக நின்றது. பக்கத்தில் ஒரு வரி: நூலகருக்கு ஆர்வமில்லை. ஓடிபிதான் காரணம் என்றேன். "அதை அப்புறம் பாக்கலாம், குரு. அவங்களுக்கு இன்னொரு ட்ரெயினிங் குடு" என்றார் மேலதிகாரி.

அந்த அம்மா வந்தார். விடியுமுன் பஸ் ஏறி, பள்ளி டேப்பைப் புடவைத் துணியில் சுற்றிக்கொண்டு, முதல் வரிசையில்.

"ஃபெயிலானவங்களை அதே கிளாஸ்ல உக்கார வைப்பீங்களே, அதான சார்?"

டேப்பைத் திறக்கச் சொன்னேன். எண் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டார். கூடம் முழுக்க மணி அடித்தது. எடுப்பாரில்லை.

"சாப்பிட்டுட்டு இருப்பாரு. நீங்க வேணா கோளுங்களைக் கையால சுத்திக் காட்டுங்க சார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்போது மேலதிகாரி கேமராவோடு உள்ளே வந்தார். எல்லோரும் டேப்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமாம். எண் கேட்டு நிற்கும் திரையை அந்த அம்மாவும் தூக்கிப் பிடித்தார்.