சோறு ஆறுது கேசட்

இந்த நேரத்தில் போஸ்ட் போடுகிறேன், மன்னிக்கவும். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது... இப்போதுதான் தூங்கினாள்.

ஆரோக்கியம் மாமா இறந்துவிட்டார். இன்று சாயங்காலம், விழுப்புரத்தில், மகள் வீட்டில்.

எண்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். மரக்காணம் ரோட்டில் கேசட் ரெக்கார்டிங் கடை. நாங்கள் பக்கத்து வீடு.

அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு டிவி கேம் கொண்டுவந்தார். எல்லாரும் விளையாட அலைந்தார்கள், மாமாவுக்கு அதில் வந்த மியூசிக்தான் பிடித்தது.

டிவி முன்னால் மைக்கை வைத்துவிட்டு கேம் ஆடுவார். தோற்றால் மியூசிக் நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து. அப்படி டேப்பில் பிடித்ததோடு கீபோர்டு டிரம்ஸைச் சேர்த்து, லேபிளில் ‘கேம் டிஸ்கோ’ என்று எழுதுவார். இப்போது ரீமிக்ஸ் என்கிறோமே, அதுதான்.

பிரம்மதேசத்தில் என் சித்தி கல்யாணம். பந்தல் ஸ்பீக்கரில் கேம் டிஸ்கோ ஓடுகிறது. நடுவில் திடீரென்று ஸ்பீக்கரிலேயே மாமாவின் மனைவி ரீட்டா அத்தையின் குரல்...

“யோவ், எவ்ளோ நேரமா கூப்டறேன். சோறு ஆறிக்கினு கீது.”

அடுத்து மாமா. “இரு, வர்றேன். தோத்துட்டா மறுபடி மொதல்லேர்ந்து புடிக்கணும்.”

கேம் ஆடும்போது பேசியதும் மைக்கில் விழுந்திருக்கிறது. பீட் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பந்தியில் ஒருத்தரும் சாப்பிடவில்லை, அப்படிச் சிரிப்பு.

அப்புறம் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் “சோறு ஆறுது கேசட் ஒண்ணு குடுண்ணே” என்றுதான் கேட்டார்கள். அத்தையால் தெருவில் நடக்க முடியவில்லை.

“என் மானத்த வித்துக்கினு கீறியா நீ? அழி அந்த டேப்ப.”

மாமா அத்தை கண் முன்னாலேயே ஒரிஜினல் டேப்பை அழித்தார். “அழிச்சிட்டேன். இப்பனாச்சும் சிரி” என்றார். அத்தை சிரிக்கவில்லை.

தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு மாமாவுக்குப் பேச்சே இல்லை. போன மாதம் பார்க்கப் போனபோது கை தட்டித்தான் என் மகளைக் கூப்பிட்டார். அவள் பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்டாள்...

ராத்திரி அத்தை போன் செய்தார்.

“ஊருக்கே பாட்டு புடிச்சி குடுத்த மனுஷன், கண்ணு. அவரு கொரலு எங்கயுமே இல்ல. நான்தான அழிக்கச் சொன்னேன்... அதுக்கு மின்ன வாங்கினவங்க யாருகிட்டயாச்சும் அந்த கேசட்டு கீதா கேளு. பொட்டி மூட்றதுக்குள்ள ஒரு தபா கேட்டுக்கறேன்.”

எங்கள் வீட்டு கேசட் மழையில் நனைந்து எப்போதோ போய்விட்டது. சித்தியிடமும் இல்லையாம்.

நாளைக் காலை பதினொரு மணிக்கு சர்ச்சுக்கு எடுக்கிறார்கள். குழந்தையை இப்படி விட்டுவிட்டு நான் போக முடியுமா, தெரியவில்லை.

போய் வாங்க மாமா.

திண்டிவனம், பிரம்மதேசம் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது அந்த கேசட் இருக்கிறதா? டேப் சிக்கியிருந்தாலும் பரவாயில்லை. பாட்டு முழுவதும் வேண்டாம், அந்த இடம் மட்டும் ஓடினால் போதும். போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்... சீக்கிரம் பதில் போடுங்கள்.