மேடைக்கு வராதவர்களின் வெளிச்சம்

லோகப்பிரியாவுக்குக் கல்யாண வீடியோ எடுக்கிற தொழில். பீளமேட்டில் வெங்கடபதி நடத்தும் ஸ்டுடியோவில் வேலை. ட்ரோன் பறக்கும், மாப்பிள்ளை கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வருவார், பெண் வெட்கப்படுவாள், பாட்டு ஏறும். எந்த ஊரில் எடுத்தாலும் ஒரே கல்யாணத்தையே எடுப்பது போல அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோழி சாரா அவளை ஃபிலிம் சொசைட்டிப் படம் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஏதோ வெளிநாட்டுப் படம். ஒரு பெண் துணி மடிக்கிறாள். பேச்சில்லை, பாட்டில்லை, கேமரா நகரவேயில்லை. பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். சாராவே போனை நோண்ட ஆரம்பித்தாள். லோகப்பிரியா மட்டும் அசையவில்லை. வீட்டில் அம்மா தினமும் மடிப்பதுதான். ஆனால் அம்மாவின் கைகளை ஒருநாளும் தான் நின்று பார்த்ததில்லை என்று உறைத்தது.

பிறகு நூலகத்தில் ஓவிய வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினாள். ராஜா ராணிப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனவள், ஜன்னலோரம் பாத்திரம் துலக்கும் ஒரு வேலைக்காரியிடம் நின்றுவிட்டாள். ராணிக்கு விழுந்த அதே வெளிச்சத்தை அந்த ஓவியன் இவளுக்கும் கொடுத்திருந்தான். 'இவளை எதுக்கு வரையறே'ன்னு அவனையும் நாலு பேர் கேட்டிருப்பாங்க என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பெருந்துறையில் சாய்ப்ரியா என்ற பெண்ணின் கல்யாணத்தை எடுக்கும் வேலை வந்தது. முகூர்த்த நேரத்தில் பெண்ணின் அம்மா கோமளாவை மேடையில் காணோம். கணவர் இறந்துவிட்டதால், மாப்பிள்ளை வீட்டார் அவரை ஒதுங்கி இருக்கச் சொல்லிவிட்டார்களாம். லோகப்பிரியா தேடிக்கொண்டு போனாள். ஸ்டோர் ரூமில், வாழையிலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார்.

"இங்க எதுக்கு வந்தே கண்ணு? மேடைக்குப் போ."

"அங்க ரெண்டு கேமரா இருக்குதுங்க்கா. நான் இங்கயே இருக்கறனுங்க."

கெட்டிமேளம் கேட்டது. கோமளா அழவில்லை. நிமிர்ந்து, கதவைப் பார்த்தபடி, கையிலிருந்த அட்சதையை வேறு ஆளில்லாத அந்த அறைக்குள்ளேயே தூவினார். லோகப்பிரியா கேமராவை நகர்த்தவேயில்லை.

எடிட் செய்யும்போது, தாலி கட்டும் காட்சிக்கு அடுத்து அதை அப்படியே வைத்தாள். இரண்டு வீட்டாரும் ஸ்டுடியோவுக்குப் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் பெரியப்பா செங்கோட்டையன் முகம் சுளித்தார்.

"ஏனுங்க வெங்கடபதி, நல்ல காரியத்துல இதையெல்லாம் எதுக்குங்க வெச்சீங்க? வெட்டிப்போடுங்க."

வெங்கடபதி அவளைப் பார்த்தார். அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"நான் வெட்டமாட்டனுங்க."

"யாரூட்டுக் கல்யாணம்னு நெனச்சுப் பேசறே அம்மணி?" செங்கோட்டையன் குரலை உயர்த்தினார்.

"சாய்ப்ரியா கல்யாணமுங்க. அதுல இருக்கறது அவங்க அம்மாங்க. வேண்டாம்னா சாய்ப்ரியா சொல்லட்டுங்க."

முகூர்த்தத்தின்போது சாய்ப்ரியா தன் அம்மாவை மேடையில் தேடியதை யாரும் கவனித்திருக்கவில்லை. அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். "இன்னொருக்காப் போடுங்க்கா," என்றாள். முழுக்கப் பார்த்தாள். பிறகு செங்கோட்டையனைப் பார்த்துச் சொன்னாள்: "இது இருக்கட்டுங்க மாமா. இது இல்லாம எனக்குக் கல்யாண வீடியோவே வேண்டாமுங்க."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் மறுக்கவில்லை. செங்கோட்டையன் விருட்டென்று வெளியே போனார்.

அவர்கள் கிளம்பியதும் வெங்கடபதி சொன்னார்: "உன் படமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா இங்க இது ஆகாதும்மா. அடுத்த கல்யாணத்துல பழையபடிதான் எடுக்கோணும்."

"பழையபடி எனக்கு இனி எடுக்க வராதுங்க," என்றாள். ஸ்டுடியோ கேமராவைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது பழைய கேமரா ஒன்றை வாங்கித் தனியாகத்தான் எடுக்கிறாள். வாய்ப்புகள் குறைவு. கல்யாண வீட்டாரிடம் பேசி முடிக்கும்போதே, "மேடைக்கு வராதவங்க யாராச்சும் இருக்கறாங்களாங்க?" என்று கேட்டுவிடுகிறாள். போன மாதம் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பெரிய வீட்டில், "அதெல்லாம் உனக்கெதுக்கும்மா?" என்றார்கள்.

"அப்ப வேற ஆளப் பாருங்க," என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.