சத்தம் வராத படிப்பு

எங்கள் வீட்டில் படிப்பு என்றால் சத்தம். வாய் ஓயாமல் இருந்தால் பெண் படிக்கிறாள். வாய் மூடிவிட்டால் சும்மா இருக்கிறாள். சும்மா இருக்கிறவளுக்கு அம்மியும் காத்திருக்கும், கிணறும் காத்திருக்கும். அம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அடுப்படியில் இருந்தபடியே என் படிப்பைக் காதால் மேற்பார்வை பார்த்தாள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சிறுவயதில் எங்கள் தெருவிலேயே ஓர் அம்மாவிடம் குர்ஆன் ஓதப் போனோம். அரபி எழுத்தைக் கூட்டி, ராகம் பிசகாமல், உரக்க ஓத வேண்டும். அர்த்தம் யாரும் கேட்கவில்லை. ஓதுவதற்கு அது சரி. இங்கிலீஷையும் அதேபோல ஓதினால் வந்துவிடும் என்று நம்பியதுதான் எங்கள் வீட்டுக் கோளாறு. பாடப் புத்தகம் முழுவதையும் அப்படித்தான் உருப்போட்டேன். ராகம்கூட அதுவே ஒட்டிக்கொண்டது.

பள்ளி இறுதித் தேர்வு இங்கிலீஷ் தாளில், உன் ஊர்ச் சந்தையைப் பற்றி எழுது என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரியாத சந்தையா? சிறுமலை வாழைத்தாரும் ஆயக்குடிக் கொய்யாவும் வந்து இறங்குகிற இரைச்சலில்தான் தினமும் கண் விழித்தேன். ஆனால் நான் உருப்போட்டு வைத்திருந்தது ரயில் நிலையக் கட்டுரை. அதையே எழுதினேன், 'ரயில் நிலையம்' என்று வருகிற இடத்தில் எல்லாம் 'சந்தை' என்று மாற்றிப் போட்டு. என் சந்தைக்குள் ஒரு வண்டி விசில் ஊதிக்கொண்டு வந்து நின்றது. ஜனங்கள் இடம் பிடிக்க ஓடினார்கள். மற்ற பாடமெல்லாம் தேறி, இங்கிலீஷில் போய்விட்டது.

அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தாவுக்குத் தோல் வியாபாரம். கோபக்காரர் இல்லை, ஆனால் சொன்னால் சொன்னதுதான். "இன்னொரு தடவ எழுது தாயி. தேறிட்டா டீச்சர் டிரெய்னிங் போ. இல்லைன்னா பழநிக்காரங்களுக்குச் சம்மதம்னு சொல்லிருவேன்" என்றார். பழநியில் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் என்னைப் பெண் கேட்டிருந்தது. மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் டீச்சராக ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பாடம் சொல்ல ஆண் வாத்தியாரை வீட்டுக்குள் விடமாட்டார்கள். பெண் வாத்தியார் கிடைக்கவில்லை. நானும் புத்தகமும் ஓர் அகராதியும்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். வீட்டு வேலை முழுக்க என் தலையில். கொஞ்ச நேரம் கிடைத்து, ஒரு வாக்கியமாவது சொந்தமாக அமைத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், சத்தம் நின்ற மறுநிமிஷம் குரல் வரும்.

"ஏ புள்ள, சும்மாதான இருக்க? தண்ணி எடுத்துட்டு வா."

"யோசிக்கிறேம்மா."

"யோசிக்க என்ன இருக்கு? அம்புட்டும் புத்தகத்துல போட்டிருக்குல்ல?"

அலுப்பென்றால் அப்படி ஓர் அலுப்பு. உடம்பு அலுப்பைத் தூங்கிக் கழித்துவிடலாம். இது எழுந்த பிறகும் அப்படியே இருந்தது.

எரிச்சலில்தான் வழி பிறந்தது. சத்தம்தானே வேண்டும்? அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டே, பாடம் ஓதுகிற அதே ராகத்தில், மனசில் இருந்ததை எல்லாம் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன். கை எரிகிறது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. அண்ணன் தன் சட்டையைத் தானே துவைத்தால் என்ன? வார்த்தை கிடைக்காத இடத்தில் மிளகாய்க் கையோடு அகராதியைப் புரட்டினேன். அதன் ஓரமெல்லாம் சிவந்து போனது. எல்லாம் தப்பும் தவறுமான இங்கிலீஷ்தான், ஆனால் என் இங்கிலீஷ். திருத்த ஆளில்லாததால் நேற்றுச் சொன்னதை இன்று நானே திருத்தினேன். பெண் நன்றாகப் படிக்கிறாள் என்று அம்மா சந்தோஷமாக இருந்தாள்.

ஒரு மதியம் அத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அரைத்தபடி ஓதினேன்: நான் களைத்துவிட்டேன். இந்த வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்பதில்லை. தோற்றுப் போனால் பழநிக்குப் போய் இதே மசாலாவை அரைப்பேன். ராகம் மாறவில்லை என்றுதான் நினைத்தேன். சோற்றில் இருந்த அத்தாவின் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"நாளையிலருந்து மத்தியானம் லுஹர் தொழுதுட்டு, சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் இவள யாரும் கூப்பிடக் கூடாது. சத்தம் வரலைன்னாலும் கூப்பிடக் கூடாது."

அந்த மதியங்களில் வாய் திறக்காமல் எழுதிப் பழகினேன். தேறினேன். பழநிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

டீச்சரான பிறகும் அந்தச் சத்தம் என்னை விடவில்லை. பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டு எழுதச் சொன்னால் தலைமையாசிரியை வாசலில் வந்து நிற்பார். "என்ன டீச்சர், கிளாஸ்ல சத்தத்தையே காணோம்?" என்பார். பிள்ளைகளோ நோட்ஸ் கொடுங்கள் என்று நச்சரித்தார்கள். இரண்டு பக்கமும் பதில் சொல்லியே ஓய்ந்து போனேன்.

அத்தா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் கேட்டேன். தோல் விற்க மெட்ராஸ் போய் வந்தவர், இங்கிலீஷ் கொஞ்சம் காதில் விழுந்திருக்கும் என்று அத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

"அன்னைக்கு அம்மியில நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுச்சா அத்தா?"

"எனக்கு எங்கிட்டு இங்கிலீஷ் தெரியும்? ஒரு எழுத்து தெரியாது" என்றார். செத்த நேரம் மூச்சு வாங்கினார். "ஆனா அது பாடமில்லைன்னு தெரிஞ்சுச்சு தாயி. பாடம் ஓதுறவளுக்குத் தொண்டை அடைக்காது."