பாசிக்கு ஊற்றிய மருந்து

டெல்லி லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் எங்கள் பிளாக்குக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி வழிகிற சுவர் ஒன்று உண்டு. முழுக்கப் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கும். மற்றவர்கள் அதைச் சுரண்டச் சொல்லிப் புகார் கொடுப்பார்கள். நான் சுரண்டாதீர்கள் என்று சண்டைக்குப் போவேன். என் பிழைப்பே அந்தப் பாசிதான். குளிர்காலத்தில் அதிலிருந்து குண்டூசி மாதிரி தண்டுகள் எழும்பும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னப் பை இருக்கும். அந்தப் பைக்குள் விதை போன்ற ஸ்போர்கள் உருவாவதைப் பல வருடங்களாக ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. ஒரு தாய்ச் செல் நான்கு ஸ்போர்களாகப் பிரிய வேண்டும். செல்லுக்குள் மெல்லிய நூல்களால் ஆன ஒரு சட்டகம் இருக்கிறது. அந்த நூல்களுக்கு நுண்குழல் என்று பெயர். முதலில் உட்கரு பிரியும், பிறகு செல் பிரியும் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். பாசியில் அது தலைகீழ். உட்கரு ஒன்றும் அறியாமல் நடுவில் கிடக்கும்போதே நூல்கள் நான்கு மூலைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும், செல் நான்காகப் புடைத்துவிடும். எங்கே பிரிய வேண்டும் என்பது உட்கருவுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கட்டத்தில் எனக்கு என்னவோ போலிருக்கும்.

நூல்களின் வேலை என்ன என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், அவற்றை இல்லாமல் செய்து பார்க்க வேண்டும். அதற்குத்தான் கால்சிசின் என்கிற மருந்து. ஷாமியானாவின் கயிறுகளை யாரோ அறுத்துவிட்டதுபோல நூல்கள் காணாமல் போகும். கொடுமை என்னவென்றால், செல்லைப் பார்த்தால் உடனே ஒன்றும் தெரியாது. வழக்கம்போல உருண்டையாக, பச்சையாக, சமர்த்தாக இருக்கும். பிரிய வேண்டிய நேரம் வரும்போதுதான் தெரியும். மூலைகள் இருக்காது. குரோமோசோம்கள் போக வழியில்லாமல் நடுவில் குவிந்து நிற்கும். நான்கு ஸ்போர்களுக்குப் பதில் கோணலாக ஒரே ஓர் உருண்டை மிஞ்சும். அப்படிப்பட்டதில் ஒன்றுகூட முளைத்து நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் செடியின் நூல்கள் கால்சிசினுக்கு எளிதில் மசியாது, தாராளமாக ஊற்ற வேண்டும். மனிதச் செல்லுக்கு அதில் மிகச் சிறிய பங்கே போதும். கையுறை இல்லாமல் அந்தப் பாட்டிலைத் தொடுகிற மாணவர்களை நான் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன்.

அதே கால்சிசின் என் வீட்டு மருந்து டப்பாவிலும் இருந்தது. கணவருக்குக் கால் கட்டைவிரலில் யூரிக் அமில வலி வரும், அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. வலி வந்தால் ஓரிரு நாள் சாப்பிட்டுவிட்டு நிறுத்த வேண்டும். அவருக்கு ஊர் தாராபுரம் பக்கம். அங்கே கண்வலிக் கிழங்கு பயிர் செய்கிறார்கள், அதன் விதையிலிருந்துதான் இந்த மருந்தை எடுக்கிறார்கள். அவர்கள் தோட்டத்திலும் போட்டிருந்தார்கள். அதனாலேயே அவருக்கு அந்த மாத்திரைமேல் சொந்தக்காரர்மேல் இருப்பது போன்ற நம்பிக்கை.

"நம்ம தோட்டத்துல வெளையறதுதானே. அது நம்மள ஒண்ணும் பண்ணாது. வெளியூர்க்காரங்களுக்குத்தான் வெசம்" என்பார். நான் முறைப்பேன். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அந்த ஜனவரியில் புகையும் பனியும் சேர்ந்து எதிர் பிளாக்கே தெரியாமல் இருந்தது. கட்டடத்தில் எல்லோருக்கும் இருமல். ஒரு நாள் மைக்ராஸ்கோப் விளக்கு பழுதானதால் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அலுவலகத்துக்கு லீவு போட்டிருந்த அவர் பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நேத்து சாப்பிட்ட சோலே பட்டூரே வேலையைக் காட்டிருச்சா?" என்றேன்.

"அதேதான் போல. வாந்தியும் வருது. காலுல சத்தே இல்ல."

உப்புச் சர்க்கரைப் பொடி எடுக்கத்தான் மருந்து டப்பாவைத் திறந்தேன். மேலேயே கால்சிசின் அட்டை, முக்கால்வாசி காலி. அதன் பக்கத்தில் நான் அதுவரை பார்க்காத இன்னோர் அட்டை.

"வலி போயிருச்சுன்னு சொன்னீங்களே. இத ஏன் இன்னும் சாப்பிடறீங்க?"

"திரும்ப வந்துறக் கூடாதுன்னுதான்."

"இது என்ன?"

"இருமலுக்கு. மருந்துக்கடைக்காரர்கிட்ட சொன்னேன், ஆன்டிபயாடிக் குடுத்தாரு. இதுக்குப் போயி எவன் டாக்டர்கிட்ட கியூவுல நிக்கறது?"

அட்டைகளில் காலியான குழிகளை எண்ணினேன். இரண்டு அட்டைகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைச் சுற்றி அவரை ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் திட்டினேன். பயந்தால் எனக்குத் திட்டத்தான் வரும்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா சின்னப் பெண். அட்டைகளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"இரண்டையும் சேர்த்தா சாப்பிட்டார்?" என்று ஹிந்தியில் கேட்டார். அந்த ஆன்டிபயாடிக், கால்சிசின் உடம்பிலிருந்து வெளியேறும் வழியை அடைத்துவிடும் என்றார். பல வருடச் சர்க்கரை நோயால் இவருடைய சிறுநீரகமும் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. சாப்பிட்டதெல்லாம் உள்ளேயே தேங்கிவிட்டது. மாற்று மருந்து உண்டா என்று கேட்டேன். இல்லை, தாங்கிப் பிடிக்கலாம், காத்திருக்கலாம், அவ்வளவுதான் என்றார்.

மறுநாள் வாந்தியும் பேதியும் நின்றன. எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார்.

"பாத்தியா, எல்லாம் அடங்கிருச்சு. டிஸ்சார்ஜ் பண்ணச் சொல்லு."

நான் காபி வாங்கப் போகவில்லை. மருந்து ஊற்றிய பிறகு என் செல்களும் இப்படித்தான் சமர்த்தாக இருக்கும். மனித உடம்பில் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பவை குடலின் உள்தோலும் ரத்த அணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையும். குடல் முதலில் சொல்லிவிட்டது, மஜ்ஜை இன்னும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் அவரிடம் ஊர்க்கதை கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் எல்லோர்மேலும் எரிச்சலாக வந்தது.

பிறகு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கத் தொடங்கின. ஒவ்வொரு பரிசோதனையிலும் இறங்கின. அவரைத் தனி அறைக்கு மாற்றினார்கள். முகக்கவசம் இல்லாமல் என்னை உள்ளே விடவில்லை. படுத்த இடத்திலிருந்து ஒரு காலைக்கூட அவரால் தூக்க முடியவில்லை. அப்போதுதான் அவருக்கே பயம் வந்தது என்று நினைக்கிறேன்.

"உன் பாசிக்கு இத ஊத்துவியே. அப்புறம் கழுவி விட்டா சரியாயிருமா?" என்றார்.

இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் உருப்படியாகக் கேட்ட முதல் கேள்வி அது. பொய் சொல்லியிருக்கலாம்.

"சில செல்லுல நூல் திரும்ப வந்துரும்."

"எந்தச் செல்லுல?"

"இன்னும் பிரிய ஆரம்பிக்காத செல்லுல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

"நம்மகிட்ட அப்படி மிச்சம் இருக்குமா?"

"இருக்கணும்" என்றேன். இருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாசியாக இருந்தால் அடுத்த ஸ்லைடைப் பார்த்திருப்பேன். மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதற்குப் பிறகான நாட்கள் எனக்கு ஒழுங்காக நினைவில்லை. காய்ச்சல் வந்தது. ரத்தம் ஏற்றினார்கள். டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு காலையில் ஈரத்துண்டால் அவர் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துண்டோடு கொத்தாக முடி வந்துவிட்டது. இன்னொரு முறை தொட்டேன், இன்னொரு கொத்து. தலையணை முழுக்கக் கிடந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். முடிந்தது என்றுதான் நினைத்தேன். துண்டைக் கையில் பிடித்தபடியே தாழ்வாரத்தில் ஓடி டாக்டரம்மாவை இழுத்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா கட்டிலருகே குனிந்து முடியை லேசாகப் பிடித்துப் பார்த்தார். அதுவும் கையோடு வந்தது. பிறகு நிமிர்ந்து, இத்தனை நாளில் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்படாதீங்க. இந்த விஷத்துல முடி கடைசியாத்தான் கொட்டும்" என்றார் ஹிந்தியில். "பல பேர் அதுவரைக்கும் இருக்கறதில்ல. இவர் தாண்டிட்டார்."

என் கணவருக்கும் ஹிந்தி தெரியும். தலையணையில் கிடந்ததைக் கையால் கூட்டி எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். நான் அதை வாங்கி எறியவில்லை.