நாங்கள் போகாத பாரிஸ்

அந்த மலிவுப் பயணத்தைக் கண்டுபிடித்தது நான்தான். பத்திரிகை விளம்பரம் ஒன்றில் இருந்தது. வெள்ளி காலை லண்டன் விக்டோரியாவில் கோச் பஸ் ஏறினால் பின்னேரம் பாரிஸ், இரண்டு இரவு தங்கி ஞாயிறு திரும்பலாம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தெற்கு லண்டனில், நோர்பரியில் எங்கள் வீட்டில் என் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். "புருசனையும் பிள்ளையளையும் விட்டிட்டு ரெண்டு பொம்பிளையள் ஊர் சுத்தப் போறதோ?" என்று மாமி கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, அடுப்பில் இருந்த கறிச்சட்டியைப் பார்த்துக் கேட்டார். நான் சண்டை பிடித்தேன், அழுதேன், பேசாமல் இருந்தேன், கடைசியில் வென்றேன். வென்ற கையோடு கோயிலிலும் கடையிலும் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலும் எல்லோருக்கும் சொல்லியும் முடித்தேன்.

கூட வர இருந்தவள் என்னோடு ஊரில் ஒரே வகுப்பில் படித்தவள். பக்கத்து ஊரான சட்டனில் அண்ணன் வீட்டில் இருந்தாள். நாடு விட்டு நாடு போவதென்றால் அவளுக்குத் தப்பி ஓடுவதுதான்; சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று அவள் எங்கும் போனதில்லை. அதனால் பயந்தாள். "விசா ஏதும் வேணுமோ எண்டு விசாரிச்சனியோடி?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

"எல்லாம் விசாரிச்சிட்டன். ஐரோப்பா எல்லாம் இப்ப ஒண்டுதானே" என்றேன்.

நான் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. எனக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தலைக்கனம் பிடித்திருந்தது. அவளிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம் என்பது எனக்குத் தெரியாததல்ல. எனக்குத் தேவைப்படாதது அவளுக்கும் தேவைப்படாது என்று நினைத்துவிட்டேன்.

பயணத்துக்கு முதல் நாள் எங்கள் தெருக்கோடியில் இருந்த அன்ரி ஒரு பொதியோடு வந்தார். எங்கள் ஆட்களில் யார் எந்த நாட்டுக்குப் போனாலும் இப்படி ஒரு பொதி வரும். இவருடைய மகன் பாரிஸில் ஒரு உணவகத்தில் சமையலறை வேலை செய்தான். அவனுக்கு இன்னும் அங்கே வதிவிட விசா கிடைக்கவில்லை, இவருக்கு இங்கே கிடைக்கவில்லை. இடையில் இருப்பது ஒரு சின்னக் கடல், ஆனால் ஆறு வருடமாகத் தாயும் மகனும் போனில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வடையும் பயத்தம் பணியாரமும்தான் பிள்ளை. சாமான் பெரிசில்லை. நீ அவனை ஒருக்காக் கண்ணாலை பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லு. போனிலை எண்டால் எல்லாரும் சுகமாத்தான் இருக்கினம்" என்றார். மகனின் அறையில் போன் இல்லை. அவன்தான் தெருவில் இருக்கும் பெட்டியிலிருந்து தாய்க்கு எடுப்பான். வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கோச் வந்து நிற்கும் இடத்துக்கே வருவதாகச் சொல்லியிருந்தானாம். பொதியைக் கையில் தரும்போது அன்ரி அதை ஒரு தரம் தடவிவிட்டுத் தந்தார்.

விக்டோரியாவில் கோச் வாசலில் நின்றவர் சிநேகிதியின் பத்திரத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இதற்குப் பிரான்ஸ் விசா வேண்டும், இல்லாமல் ஏற்ற முடியாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். என்னைப் பார்த்து, நீங்கள் ஏறலாம் என்றார். எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் எங்களைப் பார்த்தது. அவள் என்னைத் திட்டவில்லை. "நீ போட்டு வாடி, காசு வீணாப் போகும்" என்றாள்.

நான் போகவில்லை. இதை நெடுநாள் என் நல்ல குணங்களில் ஒன்றாக வைத்திருந்தேன். உண்மை என்னவென்றால், அவள் தனியாக வீட்டுக்குத் திரும்பினால் கதை அன்று மாலையே நோர்பரிக்கு வந்துவிடும்.

"அப்ப வீட்டை போவம்" என்றாள்.

"வீட்டையோ? மாமி என்னை வச்சு ஒரு வருசம் சிரிப்பா. இனிமேல் வாசல்படி தாண்டக்கூட நான் வாய் திறக்கேலாது."

லண்டனிலேயே எங்காவது இரண்டு இரவு ஒளிந்திருந்துவிட்டு, ஞாயிறு மாலை பாரிஸிலிருந்து வருவது போல வருவது என்று நான்தான் தீர்மானித்தேன். அவள் பொதியைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் போன் பெட்டிக்குள் நின்று என்னைக் கூப்பிட்டாள். "அன்ரிக்கு மட்டும் சொல்லுவமடி. அந்தப் பெடியன் பாவம், வந்து நிக்கப்போறான். அவன் போன் எடுத்தால் அவ சொல்லிப்போடுவா."

"அன்ரிக்குச் சொல்லுறதும் ரேடியோவிலை சொல்லுறதும் ஒண்டு. கொஞ்ச நேரம் பாத்திட்டுப் போவான். ஆம்பிளைப் பிள்ளைதானே" என்று சொல்லி, அவள் கையிலிருந்த ரிசீவரை வாங்கி நானே வைத்தேன்.

கிங்ஸ் குரொஸ் பக்கம் மலிவாக ஓர் அறை கிடைத்தது. தெற்கு லண்டன் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். தூரத்தில் ஒரு சேலை தெரிந்தால் அடுத்த தெருவுக்குள் திரும்பினோம். பெற்றோல் நிலையங்களைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டோம், அநேகமாக உள்ளே காசாளராக நிற்பது நம்மவராகத்தான் இருக்கும். மியூசியம் ஒன்றில் பைகளை வாங்கி வைக்கும் இடத்தில் நின்றவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா நோர்பரியோ? கோயிலிலை கண்ட மாதிரி இருக்கு" என்றார். "இல்லைங்க, நாங்க மெட்ராஸுங்க" என்றேன். சினிமாவில் கேட்ட தமிழ். சிநேகிதி என்னை விட்டு விலகிப்போய் ஏதோ ஒரு கல்வெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் காது மடல் சுட்டது.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அந்த இரண்டு நாளும் எனக்குப் பிடித்திருந்தன. ஏழு வருடம் லண்டனில் இருந்தும் தேம்ஸ் நதியை நான் பஸ் ஜன்னலால் மட்டுமே பார்த்திருந்தேன். அவளோடு பாலத்தில் நின்று, பள்ளிக்கூடக் காலம் மாதிரி வாய் ஓயாமல் கதைத்தேன். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு அன்ரியின் பொதியைப் பிரித்ததும் நான்தான். "கிடந்தால் பழுதாப் போயிடும்" என்றேன். அவள் முதலில் வேண்டாம் என்றாள், பிறகு ஒரு வடையைக் கையில் எடுத்து நெடுநேரம் வைத்திருந்தாள். நான் நன்றாகச் சாப்பிட்டேன். பணியாரம் அவ்வளவு ருசி.

ஞாயிறு ஒக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டில் பிரெஞ்சு எழுத்துள்ள வாசனைத் திரவியம் ஒன்றை மாமிக்கு வாங்கிக்கொண்டு மாலையில் வீடு வந்தேன். முன்னறையில் மாமியோடு அன்ரி உட்கார்ந்திருந்தார். நான் பையை வைக்கும் முன்பே அன்ரி சடாரென்று எழுந்து நின்றார், பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"மத்தியானம் தொடக்கம் உமக்காகத்தான் இருக்கிறா. அவவின்ர பெடியனைப் பாத்தனீரோ?" என்று மாமி கேட்டார்.

"ஓம் மாமி, பாத்தனாங்கள். நல்லா இருக்கிறார். கொஞ்சம் உடம்பும் வச்சிருக்கிறார்." தேடாமலே வந்தது பொய். நிறுத்தவும் முடியவில்லை. "அன்ரியைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தவர்."

அன்ரி என் முகத்தைப் பார்த்தார். "ஓம், அவனும் போன் எடுத்தவன்" என்றார். அவன் போன் எடுத்திருந்தால் யாரும் வரவில்லை என்றுதான் சொல்லியிருப்பான். அன்ரி மாமியின் பக்கம் திரும்பி, "பிள்ளையள் வந்து பாத்தவையெண்டு அவனுக்குச் சரியான சந்தோசம். வடை முழுக்க அண்டைக்கே சாப்பிட்டு முடிச்சிட்டானாம்" என்றார்.

அந்த வடை என் வயிற்றில் இருந்தது. மாமி வாசனைத் திரவியத்தை மணந்து பார்த்து, பாரிஸ் பாரிஸ்தான் என்றார்.

அன்ரி போக எழுந்தபோது நான் வாசல்வரை போனேன். நாலு வார்த்தை கேட்கப்போகிறார், கேட்கட்டும் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் என் கையைப் பிடித்தார். அவருடைய கை குளிர்ந்திருந்தது. "வெள்ளியும் நிண்டவன், நேற்றும் போய் நிண்டவனாம் பிள்ளை" என்று மெல்லிய குரலில் சொன்னார். "கோச் எங்கையும் அடிபட்டுப் போச்சுதோ எண்டு ஒரே அழுகை. உன்ர மாமி பயந்திடுவா எண்டு நான் இவ்வளவு நேரமும் ஒண்டும் சொல்லேல்லை. நீ வந்திட்டாய், அது போதும். இனி அவன் எடுக்க முதல் நான் வீட்டை போகோணும்."

மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். முன்னறையில் மாமி கதிரையை விட்டு எழும் சத்தம் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.