சாவி இல்லாமல் கிளம்பாத வண்டி

04.03.2024 – பழைய டிராக்டர், தண்ணீர் டேங்கருடன்: ரூ. 2,35,000
18.03.2024 – முதல் லோடு: ரூ. 700
09.01.2025 – லோடு நிறுத்திக் கடிதம்
11.01.2025 – இக்னிஷன் சுவிட்ச்: ரூ. 480, வயர்: ரூ. 165

ஏழாயிரம்பண்ணை சின்னத்தாய்க்குப் பட்டாசு கம்பெனிக்குத் தண்ணீர் லோடு அடிப்பதுதான் பிழைப்பு. பதினோரு வருஷம் அதே கம்பெனியில் லேபிள் ஒட்டிச் சேர்த்த காசில் வாங்கிய டிராக்டர். வாங்கும்போதே சுவிட்ச் போயிருந்தது. சீட்டுக்கு முன்னால் தொங்கிய இரண்டு வயரை உரசினால்தான் வண்டி கிளம்பும்.

பட்டாசு மருந்து இருக்கிற இடத்தில் யாரும் வண்டியைக் கிளப்பிவிடாமல் இருக்க, உள்ளே நிற்கும் வண்டியின் சாவி கேட் ஆணியில் தொங்க வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். பத்து மாதமாக, எதற்கும் ஆகாத சாவியைத்தான் அவள் மாட்டிவந்தாள். ஒருநாள் சாவி ஆணியில் தொங்க, வண்டி கிளம்பியதை ஃபோர்மேன் சங்கரலிங்கம் பார்த்துவிட்டார். வயரில் பறந்த பொறியையும் பார்த்தார். மறுநாளே கடிதம்.

விருதுநகரில் வண்டி வயரிங் பார்க்கும் பீர் முகைதீன் புது சுவிட்சை எடுத்துக் கொடுத்தார்.

"பொங்கல் முடியட்டும் தங்கச்சி, நானே வந்து மாட்டித் தாரேன்."

"அதுக்குள்ள வேற டேங்கர் உள்ள போயிரும் பாய். எதை எதுல மாட்டணும்னு மட்டும் சொல்லுங்க."

"நீங்களே வயரிங் பாக்கப் போறீகளாக்கும்!"

"லட்சம் லேபிள் ஒட்டியிருக்கேன். ஒண்ணாவது கோணியிருக்கா?"

அவர் சிரித்துவிட்டார். "சரித்தா. நீங்க உரசிக் கிளப்புற அந்த டைரக்ட் வயரை மட்டும் வெட்டிராதீக. அவசரத்துக்கு ஆகும்."

வீட்டுக்கு வந்து முதலில் பேட்டரி வயரைக் கழற்றினாள். பேட்டரியிலிருந்து வரும் வயருக்குச் சிவப்புத் தாள், ஸ்டார்ட்டருக்குப் போவதற்குப் பச்சை, விளக்குக்கு மஞ்சள் என்று ஒட்டிக்கொண்டு, பாய் சொன்னபடி ஒவ்வொன்றாக முடுக்கினாள். டைரக்ட் வயர் இரண்டையும் அடியோடு வெட்டி எறிந்தாள். பேட்டரியை மறுபடி மாட்டிச் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உறுமியது.

பதின்மூன்றாம் தேதி காலை வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, சாவியைச் சங்கரலிங்கத்திடம் நீட்டினாள்.

"போன தடவையும் சாவி இங்கனதான் தொங்குச்சு," என்றார் அவர்.

"அதான் சார், இப்ப நீங்களே ஏறி, சாவி இல்லாமக் கிளப்பிப் பாருங்க."

அவர் ஏறினார். அடியில் கைவிட்டுத் துழாவினார். உரசுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. வேனிலிருந்து இறங்கிய பெண்கள் கூடிவிட்டார்கள்.

"சாருக்கு வேர்த்துப்போச்சுடி!"

டிராக்டர் அசையவில்லை. சின்னத்தாய் இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாங்கிய அன்றுகூட அந்த வண்டியை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"யாரு மாட்டுனது?" என்றார் சங்கரலிங்கம்.

"நாந்தான்!" வேன் டிரைவருக்கும் கேட்டது.

"முதலாளிகிட்ட சொல்றேன்," என்று அவர் இறங்கினார்.

மறுபடி லோடு அடிக்கலாம் என்று கம்பெனி எழுதிய கடிதம் அவள் கைக்கு வந்த தேதி 21.01.2025.